வறண்ட கூந்தலும் சனிக்கிழமைக் காபியும்

மளிகைக் கடைக்காரனிடம் பருப்பைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தேன். டெல்லியில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது முடியைப் பற்றி.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எங்கள் கடை. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் அரிசி, பருப்பு, அப்பளம், காபித்தூள். வலது பக்கம் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சீயக்காய், செம்பருத்திப் பொடி, பூந்திக்கொட்டை. இடது பக்கம் நிற்பவர்களின் புகார் ஒரே மாதிரி: பருப்பு வேகவில்லை. வலது பக்கப் புகாரும் ஒன்றுதான்: முடி காய்ந்துபோய்விட்டது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருந்தேன். பருப்புக்காரருக்குத் தண்ணீரைச் சொல்வேன், முடிக்காரருக்கு எண்ணெயைச் சொல்வேன். இரண்டு பதிலும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

டெல்லிக் குளிரில் தலை சீவியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீப்பை வைத்தாலே சடசடவென்று சத்தம் வரும். முடி சீப்பின் பின்னாலேயே எழுந்து வரும். ஸ்வெட்டரைக் கழற்றினால் தலை தீபாவளி கொண்டாடும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நாற்பது வயதிலேயே என் தலை எல்லாத் தொல்லைகளிலிருந்தும் விடுபட்டுவிட்டது. ஆனால் வீட்டில் கோமதி இருக்கிறாள். என் மனைவி. அம்பாசமுத்திரத்துப் பெண், இங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். கோட்லாவில் வாடகைக்கு இருந்தவரை அவள் முடி நன்றாகத்தான் இருந்தது. யமுனைக்கு அந்தப் பக்கம் சொந்த ஃபிளாட்டுக்குக் குடிபோன பிறகு தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. கிருஹப்பிரவேசத்துக்கு வந்தவர்களின் கண் பட்டுவிட்டது என்றாள் அவள். வயதாகிறது என்று நினைத்தேன் நான். சொல்லவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், தலையில் சிக்கிய பிச்சிப்பூவைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டே அவள் கெடு வைத்தாள்: "முள்ளுச்செடியில துணி மாட்டுன மாதிரி இருக்கு. தை பிறக்கட்டும். அதுவரைக்கும் உங்க மருந்தைப் பாக்கேன். கேக்கலைன்னா கழுத்தோட வெட்டிருவேன். பிறகு என்னைய ஒண்ணும் சொல்லப்படாது."

அவள் முடி, அவள் இஷ்டம். வெட்டினால் எனக்கென்ன? இதை நானே என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டேன். அவள் ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டால் ஒன்றுமில்லை. அலுத்துப்போய் வெட்டுகிறாளே என்பதுதான் உறுத்தியது. அவளை இந்த ஊருக்கு அழைத்து வந்தவன் நான். ஊர் முடிக்கெல்லாம் யோசனை சொல்கிறவனும் நான்தான்.

உறையாத எண்ணெய்

டெல்லித் தமிழர்களிடம் ஒரு சோதனை உண்டு. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்தால் சுத்தம். உறையாவிட்டால் கலப்படம். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு மாமி, அந்தக் குளிர்காலத்தின் முதல் பனிமூட்டத்தன்று, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "பாருங்கோ, தண்ணியா ஆடறது. ஊரெல்லாம் உறைஞ்சு கிடக்கு, உங்க எண்ணெய்க்கு மட்டும் குளிரலையா? இதைத் தேய்ச்சுத்தான் என் தலை இப்படி வறண்டு போயிடுத்து." கடையில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஷெல்ஃபிலிருந்து அதே எண்ணெயில் வேறு பாட்டில் எடுத்துக் காட்டினேன். கல்லாக இருந்தது. மாமிக்குக் குழப்பம்.

பாட்டிலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். படுக்கையறை அலமாரியில், ஹீட்டருக்குப் பக்கத்தில் என்றார். தலைக்குக் குளித்துவிட்டு எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். அதே ஹீட்டருக்கு முன்னால், முடியை விரித்துப் போட்டுக்கொண்டு. "மாமி, எண்ணெயையே உறையவிடாத சூடு முடியில் இருக்கிற ஈரத்தை விட்டுவைக்குமா? துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, காற்றில் ஆற விடுங்கள்" என்றேன். மாமி பாட்டிலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆக எண்ணெய் மேல தப்பில்லே, ஹீட்டர் மேலதான் தப்பு. அந்த ஹீட்டர் எங்காத்துக்காரர் வாங்கிண்டு வந்தது. அப்பவே வேண்டாம்னு சொன்னேன்."

மருதாணி மாதிரி

தென்னிந்தியப் பெண்களின் முடி ரகசியம் என்று யாரோ சொல்லி, ஒரு பஞ்சாபி அம்மாள் சீயக்காய்ப் பொடி வாங்கிப்போனார். அடுத்த வாரம் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தார். துப்பட்டாவை விலக்கியதும் தெரிந்தது. முடி முழுக்க நின்றுகொண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. என்ன செய்தீர்கள் என்று இந்தியில் கேட்டேன். அவர்கள் வீட்டில் மருதாணி போடுகிற முறைப்படி, இரும்புச் சட்டியில் குழைத்து, தலை முழுக்க அப்பி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, டி.வி.யில் சீரியல் எல்லாம் முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறார்.

சீயக்காய் என்பது நமக்குச் சோப்பு மாதிரி, அழுக்கையும் எண்ணெயையும் எடுத்துவிட்டுப் போய்விட வேண்டியது, அதை ஊற வைத்தால் இருக்கிற பிசுக்கையும் குடித்துவிடும் என்று விளக்கினேன். முதலில் எண்ணெய், அப்புறம்தான் இது. அதையும் தண்ணீரில் கலக்காமல், சோறு வடித்த கஞ்சியில் கலந்தால் முடி சொரசொரக்காது, மெத்தென்று இருக்கும் என்றேன். நான் சொன்னதையெல்லாம் "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டவர், கடைசியில் கவலையோடு கேட்டார்: "அண்ணா, எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ரொட்டிதான். ரொட்டியிலிருந்து எந்தத் தண்ணீரை வடிப்பேன்?"

எங்கள் வீட்டு மிச்சங்கள்

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் கோமதியின் தலையில் என் வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை என்பது நம் வழக்கம். ஆபீஸ் போகிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் அது சனிக்கிழமைக்கு மாறிப் பல வருஷம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துத் தயிரில் கலந்து கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை செம்பருத்திப் பொடி. அதற்கடுத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கற்றாழை. கீஸரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே என்றேன், வெதுவெதுப்புக்கு மாறினாள். ஈரத்தலையைச் சீவாதே என்றேன், விட்டாள். தலையைத் துண்டால் அடித்து உலர்த்தாதே என்றேன், அதையும் விட்டாள். மற்றவர்களுக்கு நான் சொல்லி, பலன் கிடைத்ததாக அவர்கள் வந்து சொன்ன எல்லாவற்றையும் இவளுக்கும் சொன்னேன்.

முடி அசையவில்லை. குளித்த அன்று சாயங்காலமே பழையபடி நார். எனக்குள் ஒரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது. இத்தனை வருஷம் தெரிந்துதான் சொல்கிறேனா, இல்லை சொல்லிச் சொல்லியே தெரிந்த மாதிரி ஆகிவிட்டதா? வாங்கிப்போகிறவர்களுக்குக் குணமாகிறதென்றால் மருந்தினாலா, மரியாதைக்குச் சொல்கிறார்களா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே நினைத்து இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போன நாளும் உண்டு. கோமதி அவ்வளவு யோசிப்பவள் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று நுனியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வெந்தயம், தயிரு, கத்தாழை எல்லாம் ஆச்சு. இன்னும் தாளிச்சுக் கொட்டுததுதான் பாக்கி."

பெண் பார்க்க வந்தவர்கள்

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஹெட் கிளார்க், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் முடி வறண்டு, பறந்து, பின்னலுக்கே அடங்கவில்லை. "ரெண்டே நாள்தான் சார் இருக்கு. ஜல்தியா வேலை செய்யறதா ஒண்ணு கொடுங்கோ." இரண்டு நாளில் முடி மாறாது, நுனிக்கு மட்டும் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிப் பின்னிவிடுங்கள் போதும் என்றேன். அது அவருக்குப் போதவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொன்னதால் நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வலது பக்கத்து ஷெல்ஃபில் இருந்ததில் பாதியை வாங்கிப்போனார். வெந்தயமும் நிறைய.

திங்கட்கிழமை கடை விடுமுறை. செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்கவே பயமாக இருந்தது. சனிக்கிழமையும் ஞாயிறு காலையும் வெந்தயத்தை அரைத்து அரைத்துப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறார்கள். குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த வீடு. அலசி முடித்த பிறகும் வாசனை போகவில்லை. பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சி, முகம் மலர்ந்து, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதை ஹெட் கிளார்க் எனக்கு அப்படியே சொன்னார்: "வெந்தயக் குழம்பு வாசனை வாசல்லயே வரவேற்கறது. டெல்லியில வளர்ந்த பொண்ணு இப்படிச் சமைப்பான்னு நான் எதிர்பார்க்கவே இல்லை."

அங்கிளின் தலை

எங்கள் கடையில் என்னோடு நிற்பவர் ஆபிரகாம். நாகர்கோவில்காரர். ஐம்பதைத் தாண்டியும் அவருக்குத் தலை நிறைய முடி, அலையலையாக. முடியைப் பற்றி ஒரு விஷயமும் தெரியாது. கையில் கிடைத்த எண்ணெயைத் தடவுவார், கையில் கிடைத்த சோப்பைப் போடுவார். புதிதாக வருகிறவர்கள் அவரிடம்தான் முதலில் யோசனை கேட்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டுவார். அவர்கள் முகம் வாடிவிடும்.

ஒரு நாள் காலேஜ் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். முடியை நேராக்குகிற மின்சார இடுக்கி ஒன்று அப்போதுதான் பெண்கள் கைக்கு வந்திருந்தது. அவள் அதை இஸ்திரி போடுகிற மாதிரி தினமும் போடுகிறாள். பஸ் தூசிக்குப் பயந்து தினமும் ஷாம்பூ வேறு. நுனியெல்லாம் இரண்டாகப் பிளந்திருந்தது. வாரம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தால் போதும், இடுக்கியை எடுத்து வை, குளிக்கப் போகும் முன் எண்ணெய் தடவிக்கொள் என்றேன். "எண்ணெய் வெச்சா சிப்-சிப்பா ஆகும் அங்கிள்" என்று மூக்கைச் சுளித்தாள். பிசுபிசுப்புக்கு அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். அப்புறம் என் தலையைப் பார்த்து, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில், "அங்கிள், நீங்க இதெல்லாம் யூஸ் பண்ணீங்களா?" என்று கேட்டாள். அம்மா அவள் கையைக் கிள்ளியது தெரிந்தது. எனக்கு முந்தி ஆபிரகாம் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "இல்ல மக்ளே. அண்ணாச்சி ஊருக்குத்தான் சொல்லுவாரு, தான் தேய்க்கமாட்டாரு. தேய்க்காம விட்டா என்ன ஆகும்னு காட்டத்தான் அவர கடையில வெச்சிருக்கோம்."

வேகாத பருப்பு

மார்கழி பாதி போய்விட்டது. கோமதி ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு பார்லரை விசாரித்து வைத்திருந்தாள். நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நொய்டாவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற மதுரைப் பையன் ஒருவன் வந்தான். நண்பர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவன். இடது பக்கம் நின்று ஆரம்பித்தான். "அண்ணாச்சி, உங்க துவரம்பருப்பு பருப்பா, கூழாங்கல்லா? குக்கர் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு, அது வேகவே இல்லை." எனக்கு மனப்பாடமான பதில். என்ன தண்ணீர் என்றேன். போரிங் தண்ணீர் என்றான். ஆழ்குழாயை இங்கே அப்படித்தான் சொல்வோம். "தம்பி, அது உப்புத் தண்ணி. சுண்ணாம்பு இருக்கும். சோப்பு நுரைக்காது, வாளியில வெள்ளையாப் படியும், பருப்பைச் சுத்தி ஓடு கட்டின மாதிரி ஆக்கிடும். கார்ப்பரேஷன் தண்ணி காலையில வரும்போது பிடிச்சு வெச்சு அதுல வேக வை" என்றேன். தலையாட்டினான்.

அப்படியே வலது பக்கம் நகர்ந்தான். தொப்பியைக் கழற்றினான். முடி வைக்கோல். "இதுக்கு என்ன எண்ணெய் அண்ணாச்சி?" நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். ஹீட்டர் உண்டா? இல்லை. தினமும் ஷாம்பூவா? இல்லை. வெயிலில் அலைகிறாயா? ஆபீஸை விட்டு வெளியே வந்தால்தானே வெயில். என்ன காரணம் என்று யோசித்துக்கொண்டே எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்தேன். அவன் என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பருப்பையே வேகவிடாத தண்ணி தலையை மட்டும் சும்மா விட்டுடுமா அண்ணாச்சி?"

சனிக்கிழமை வாளி

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் குளியலறைக்குள் போனேன். வாளியின் உள்பக்கம் வெள்ளை வளையம். குழாய் மூக்கில் வெள்ளைப் பொருக்கு. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கோட்லா வீட்டில் எல்லாக் குழாயிலும் கார்ப்பரேஷன் தண்ணீர். இங்கே அது சமையலறைக் குழாயில் மட்டும், விடிகாலையில் கொஞ்ச நேரம், நூல் மாதிரி வரும். மற்றதெல்லாம் போரிங். கோமதி அந்த நூலைப் பிடித்து முதலில் சாமிக்கு ஒரு செம்பு, அப்புறம் காபிக்கு, அப்புறம் பருப்புக்கும் குடிக்கவும் என்று வரிசையாக நிரப்புவாள். நிரப்பி முடியும்போது தண்ணீர் நின்றுவிடும். டெல்லியில் நம்மவர் வீடு பலவற்றிலும் இந்த வரிசைதான். அதில் தலை எங்கேயும் வராது. பருப்பு வேகவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. முடி மெதுவாகச் சொல்கிறது.

"சனிக்கிழமை நல்ல தண்ணியில ஒரு வாளி உன் தலைக்கு" என்றேன்.

"சாமிக்கும் காப்பிக்கும் வச்ச தண்ணியத் தலையில ஊத்தவா? நல்லாருக்கே!"

"சாமிக்கு ஒரு செம்பு போதும். பருப்பு வேண்டாம், அன்னைக்கு ரசம் வை."

"காப்பி?"

இதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். "சனிக்கிழமை காபி போரிங் தண்ணியில போட்டுக்கலாம்."

கோமதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து என் காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் கூடினாலே என் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தவள். "குடிச்சிட்டு மூஞ்சியத் தூக்கப்படாது" என்றாள். தூக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடியும் முன் எழுந்து வாளியைக் குழாயடியில் வைத்தேன். நூல் மாதிரித் தண்ணீர் வாளியில் நிறைவதைப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டரோடு நின்றேன். அவள் எண்ணெய் தேய்த்து ஊறி, கஞ்சியில் கலந்த சீயக்காயோடு அதே பழைய முறையில்தான் குளித்தாள். தண்ணீர் மட்டும் புதுசு. நான் முன்னறையில் அந்தக் காபியைக் குடித்தேன். அதை விவரிக்க வேண்டாம். உள்ளேயிருந்து, "ஏங்க, சீயக்கா சட்டுனு அலசிப் போயிருச்சு!" என்று ஒரு சத்தம் வந்தது. மீதிக் காபியையும் குடித்துவிட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வாளி, அதற்கடுத்ததும்.

தை பிறந்தது. பொங்கலன்று ஐ.என்.ஏ.யிலிருந்து பிச்சிப்பூ வாங்கி வந்திருந்தேன். கோமதி கண்ணாடி முன்னால் நின்று பூவை வைத்தாள். அது நழுவி விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. கத்தரிக்கோல் பேச்சு வருமோ என்று நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பொங்கல் பானையைக் கிளறுவது போல் நின்றேன். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் திரும்பினாள். கோபம் மாதிரித்தான் குரல், ஆனால் கை பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு நுனி வரை தடவிக்கொண்டே இருந்தது: "முடி இந்த வழுக்கு வழுக்குது, பூ நிக்கவே மாட்டேங்கு. எல்லாம் உங்களாலதான்!"

வறண்ட முடிக்கு வீட்டு வைத்தியம் என்னவென்று இப்போது யாராவது கேட்டால், எண்ணெய் பாட்டிலைக் கொடுப்பதற்கு முன்னால், சனிக்கிழமைக் காபியை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்கிறேன், அவர்கள் என் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆபிரகாம் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள்.